அவள் காதில் பேசுகிறவன்

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் பீப் சார். நர்ஸுகள் வைத்தது. காது பரிசோதிக்கும் அறை அவருடைய ராஜ்ஜியம். சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே உட்கார்ந்து குமிழைத் திருகுவார். 'பீப்' என்று காதில் கேட்டால் உள்ளே இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், கை எங்கே எழாமல் நிற்கிறதோ அங்கே தாளில் ஒரு புள்ளி வைப்பார். பதினாறு வருஷமாக இதே பீப், இதே புள்ளி.

நாள் முழுக்க ஊரார் காதோடு மாரடிக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ. டீ வேண்டுமா என்று மனைவி கேட்டால் 'ம்' என்பார். வேண்டாம் என்றாலும் அதே 'ம்'தான். எந்த 'ம்' எதற்கு என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது. கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில், இன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் கேட்காத நாள் கிடையாது, அவர் பதில் சொன்ன நாளும் கிடையாது. என்ன நடக்கும், தினம் நடக்கிறதுதான் என்று டிவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார்.

ஆனால் தொழிலில் கெட்டிக்காரர், அதைச் சொல்லியாக வேண்டும். காது கேட்காதது போல் நடிக்கிறவர்களைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்க சர்டிபிகேட் தேடி வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "மரம், பால், கதவு, மணல்" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவார். அது பரிசோதனைக்கான பட்டியல், மொத்தம் நாற்பது வார்த்தைகள். காதில் விழுந்தும் விழாததுபோல் இருக்கிறவனுக்குத் தோள் ஒரு நூல் இறுகும். அந்த ஒரு நூலை அவர் விடமாட்டார். கடைசியில் குரலை இறக்கி, சரி, முடிந்தது, நீங்கள் போகலாம் என்பார். பாதிப் பேர் எழுந்தே விடுவார்கள்.

மனைவிக்கு ஒரு கர்ட்டன் கடையில் தையல் வேலை. பகலில் கடையில் மிஷின். ஓரம் மடிப்பது, வளையம் கோப்பது மாதிரியான கைவேலையை மாலையில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவாள். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு, வெளிச்சம் இருக்கும்வரை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து தைப்பாள். ஹாலில் இருப்பவர்களுக்கு அவள் முதுகுதான் தெரியும். ஹோட்டல் ஒன்றுக்கு நாற்பத்திரண்டு ஜன்னல் கர்ட்டன்களைச் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே முடித்துக் கொடுத்தாள் என்று கடைக்காரர் மனம் குளிர்ந்துபோய் அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தார். வயர் இல்லாத ஹெட்போன். காதை முழுசாக மூடுகிற ரகம். சாம்பல் நிறம், மெத்தென்ற உறை, வெளிச் சத்தத்தை அடியோடு வெட்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது.

அன்றைக்கு நம்மவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் டப்பா திறந்து கிடந்தது. யார் கொடுத்தது என்று ஒரு அட்டையில் எழுதியிருந்ததை அவரே படித்துக்கொண்டார்.

வயிறு எரிந்தது. முதலில் அந்தப் பொருளைப் பார்த்தே எரிந்தது. அதே ஹெட்போனை ஒரு வருஷமாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை ஜன்னலில் பார்த்து வைத்திருந்தார். வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, ஒருத்தருக்கும் தொந்தரவில்லாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கையில் இருப்பதோ உறை கிழிந்து பிளாஸ்திரி ஒட்டிய கிழட்டு ஹெட்போன். காதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத கர்ட்டன் கடைக்காரன் தன் வீட்டுக்குள், தன் மனைவியின் தலையில், தான் ஆசைப்பட்டதைத் தூக்கி மாட்டிவிட்டானே என்று அவருக்கு ஆறவில்லை.

அதற்குமேல் எரிந்தது இன்னொன்றுக்கு. கடைக்காரர் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆசாமி. ஜன்னல் ஆறடி, மடிப்பு மூன்று இஞ்ச் என்று எழுதினால் போதும்; எழுத மாட்டார். நல்ல கட்டைக்குரலில் ஒரு நிமிஷம் பேசி அனுப்புவார், நடுவில் ஒரு ஜோக்கும் இருக்கும். அவள் அதை அடுப்படியில் நின்று கேட்டுச் சிரிப்பதை நம்மவர் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். இதுவரை அந்தக் குரல் வீட்டுக்குப் பொதுவாகக் கேட்டது. இனிமேல் அவளுக்கு மட்டும் கேட்கும்.

அவள் இன்னும் திரும்பவில்லை. தான் வந்ததுகூடத் தெரியவில்லையே என்ற ஆத்திரத்தில் அவர் செய்ததுதான் இந்தக் கதைக்கே காரணம். வேறு யாராக இருந்தாலும் தோளைத் தட்டிக் கூப்பிட்டிருப்பார்கள். இவர் ஆறடி தள்ளி நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "மரம், பால், கதவு, மணல்" என்று ஆரம்பித்தார். நாற்பது வார்த்தையும் சொல்லி முடித்தார். தோள் அசையவில்லை. டீ போட்டு வைத்திருக்கிறேன், ஆறுகிறது என்று குரலை இறக்கிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஊசி அதன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. சுத்தமாகக் கேட்கவில்லை என்று மனசுக்குள் ஒரு புள்ளி வைத்தார்.

பக்கவாட்டில் நகர்ந்து முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு அல்ல, உதட்டை மடித்து அடக்கிக்கொண்டு. பாட்டுக் கேட்கிற முகம் வேறு, ஆள் பேசுவதைக் கேட்கிற முகம் வேறு என்று பதினாறு வருஷத்தில் அவருக்கு அத்துப்படி. பாட்டுக் கேட்பவர்களின் கண் எங்கேயோ போய்விடும். பேச்சுக் கேட்பவர்களின் கண் ஒரே இடத்தில் நிற்கும். அவள் கண் நின்றது. யாரோ பேசுகிறான், இவள் கேட்கிறாள் என்று தீர்மானித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. ஐந்தரைக்கு அவர் வருவார். அவள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். அவர் பின்னால் நிற்பார். முதல் வாரம் முழுக்கத் திட்டினார். அவன் குரல் என்ன அவ்வளவு இனிக்கிறதா, கர்ட்டன் அளவில் அப்படி என்ன காவியம் பாடுகிறான், என்றைக்காவது எனக்காக இப்படி ஒரு சிரிப்புச் சிரித்திருக்கிறாயா என்று ஏற்ற இறக்கத்தோடு கேட்டார். அவள் தோளில் கர்ட்டன் துணி மடிப்பு மடிப்பாகக் கிடக்க, தலையை ஆட்டி ஆட்டித் தைத்தாள். சில சமயம் தோள் குலுங்கியது. அங்கே அவன் ஏதோ ஜோக் அடிக்கிறான் என்று இவர் பல்லைக் கடித்தார்.

திட்டித் தீர்ந்தால் ஒரு ஆள் என்ன செய்வார்? வாய் ஒருமுறை திறந்துவிட்டது, மூடவும் மனசில்லை. எதிரில் ஒரு முதுகு. அது பதில் பேசாது, கேள்வி கேட்காது, பரிதாபப்படாது. இரண்டாம் வாரத்திலிருந்து அவர் அன்றாடக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் ஃபைலைத் தூக்கி எறிந்ததைச் சொன்னார். அதை யார் குனிந்து எடுத்தார்கள் என்பதையும் சொன்னார். லாரி ஓட்டுகிற ஒருத்தர் காது போய்விட்டது என்று தெரிந்ததும் கூண்டுக்குள்ளேயே அழுததையும், வெளியே குமிழைப் பிடித்துக்கொண்டு தான் வேறு பக்கம் பார்த்ததையும் சொன்னார். ஒருநாள் ரொம்பப் பழைய விஷயம் ஒன்று வந்தது. அவளுடைய அப்பா சாகக் கிடந்தபோது லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அவளைத் தனியாக அனுப்பினாரே, அன்றைக்கு லீவு கிடைத்தது. மாமனார் முகத்தை அந்த நிலையில் பார்க்கப் பயந்துகொண்டு பார்க்கில் போய் உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு, அவள் காதில் விழவில்லை என்ற தைரியத்தில், "மன்னிச்சுக்கோ" என்றும் சொன்னார்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ஊசியை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நம்மவருக்கு அதற்கும் எரிச்சல். நான் இங்கே நெஞ்சைத் திறந்து கொட்டுகிறேன், அங்கே அந்தக் கடைக்காரனுக்கு என்ன சோகமோ, இவளுக்கு முகம் வாடுகிறது என்று நினைத்தார்.

அக்காவுக்கு போன் போட்டு, வர வர இவள் என்னோடு பேசுவதே இல்லை என்று மூக்கால் அழுதார். உன்னை மாதிரி ஒரு ஊமைக்கோட்டானோடு அவள் பதினோரு வருஷம் குப்பை கொட்டியதே பெரிய காரியம் என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

நாலாவது வாரத்தில் அவர் சொல்லக் கூடாததையும் சொன்னார். அவருடைய இடது காதில் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் விழுவதில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால், மதிய இடைவேளையில், அறையைப் பூட்டிக்கொண்டு தானே கூண்டுக்குள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். தாளில் புள்ளிகள் சரசரவென்று கீழே இறங்கின. தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காது பார்க்கிறவனுக்கே காது போனால் என்னை எவன் வைத்துக்கொள்வான் என்று அந்த முதுகிடம் கேட்டார். அவள் கையில் ஊசி ஏறிவிட்டது. வெண்ணெய் நிறத் துணியில் ஒரு சொட்டு ரத்தம். விரலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊசி குத்துவதுகூடத் தெரியாமல் அப்படி என்ன பேச்சு என்று இவர் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

இனிப் பொறுப்பதில்லை என்று சனிக்கிழமை முடிவெடுத்தார். தைத்த துணிகளைக் கொடுக்க அவள் கடைக்குப் போயிருந்தாள். ஹெட்போன் மேஜைமேல் இருந்தது. இந்த ரகத்தை ஒரே நேரத்தில் இரண்டு போனோடு சேர்க்கலாம் என்று அவருக்குத் தெரியும். பெரிய டாக்டரிடமும் இதே ஹெட்போன் உண்டு, அதைச் சேர்த்துக் கொடுத்ததே இவர்தான். திட்டம் சுலபம். தன் போனையும் இதோடு ரகசியமாகச் சேர்த்துவிடுவது. மாலையில் அவள் உதட்டை மடித்துச் சிரிக்கிற நேரம் பார்த்து, படுக்கையறையில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கட்டைக்குரலுக்கு நடுவே புகுந்து அவள் காதுக்குள்ளேயே, யார்கூடப் பேசுகிறாய் என்று கேட்பது. அப்போது அவள் முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே அவருக்கு இனித்தது.

காதில் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஏற்கனவே ஒரு போனோடு சேர்ந்த ஹெட்போன் கண் விழித்ததும் முதலில் அந்தப் பழைய போனைத்தான் தேடும். தேடுகிறேன் என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் சொல்லும். பெரிய டாக்டரின் ஹெட்போனில் அதைக் கேட்டிருக்கிறார். இது தேடவில்லை. புத்தம்புதுசாக டப்பாவிலிருந்து எடுத்தது போல, புதிய போனுக்குத் தயார் என்று சொல்லிவிட்டு நீல விளக்கைச் சிமிட்டியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதையே சொன்னது. கழற்றித் திருப்பிப் பார்த்தார். சார்ஜ் போடுகிற துளைமேல் கம்பெனி ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் அப்படியே இருந்தது.

இந்த ஹெட்போன் இதுவரை எந்தப் போனோடும் சேரவில்லை. யார் குரலும் இதற்குள் வரவில்லை. கம்பெனியில் ஏற்றி அனுப்பியதைத் தவிர ஒரு தடவை சார்ஜ்கூட ஏறவில்லை. அணைந்து கிடக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டால், ஆறடி தூரத்தில் பேசுகிற பேச்சு கொஞ்சம் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். அது அவருக்குத் தெரியாதா என்ன? அவர் பிழைப்பே அதுதானே.

சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். பார்க்கில் உட்கார்ந்திருந்தது, கிழித்துப் போட்ட தாள், கடைக்காரனைத் திட்டிய திட்டு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காது சுட்டது. எப்படி ஏமாந்தோம் என்று யோசித்தபோது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அவரிடம் நடிக்க வந்தவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டு வந்தவர்கள். பயத்தில்தான் தோள் இறுகும். கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நடிக்கிற ஒருத்தியை அவர் பார்த்ததே இல்லை. ஆசையாகக் கேட்கிறவளின் தோள் தளர்ந்துதானே இருக்கும்?

பொறாமை அதோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, ஆள்தான் மாறியது. ஒரு மாதமாகத் தினமும் ஐந்தரைக்கு வந்து, மனைவியைச் சிரிக்கவைத்து, கண்கலங்கவைத்து, ஊசியால் குத்திக்கொள்ளவைத்த அந்த ஆளை நினைத்தால் அவருக்கு எரிந்தது. அவனுக்கு எவ்வளவு சரளமாகப் பேச வந்தது. இன்றைக்குத் தன்னால் முடியாது என்று அவருக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

ஹெட்போனை இருந்த இடத்திலேயே வைத்தார். அவள் வந்தாள். டீ குடித்தாள். புதுத் துணியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். அவரும் வழக்கமான இடத்தில் போய் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். ஐந்து நிமிஷம் போனது. ஊசி ஏறுவதும் இறங்குவதும்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"என்னங்க, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

எல்லாம் கேட்டாயா என்று கேட்டது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

எல்லாம் கேட்டதாகச் சொன்னாள். முதல் நாள் அவள் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததே அவர் வந்து போனோடு சேர்த்துக் கொடுப்பார் என்றுதான். இந்த மாதிரிச் சாமான் அவருக்குத்தானே தெரியும், வந்ததும் கேட்கலாம் என்று இருந்தாள். அதற்குள் அவர் பின்னால் வந்து நின்று ஆரம்பித்துவிட்டார்.

"மரம், பால்னு நாப்பது வார்த்தை சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா பதினோரு வருஷத்துல நீங்க என்கிட்ட ஒரே மூச்சுல நாப்பது வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லங்க. கழட்டினா நிறுத்திடுவீங்கன்னு கழட்டல."

அவருக்குக் கோபப்படலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஏமாற்றியது அவள்தானே. ஆனால் கோபம் வந்த பாதி வழியிலேயே சப்பென்று போய்விட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றினாள். காதோரம் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முழுசாக அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க."

அந்த முகத்தைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்ச வார்த்தையும் ஓடிவிட்டது. மறுபடி அதை மாட்டிக்கொள், திரும்பி உட்கார் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் முடியாது என்றாள். ஒரு மாதமாக முதுகாலேயே கேட்டுக் கேட்டுக் கழுத்து வலிக்கிறது என்றாள். எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லலாம், பெரிய டாக்டர் ஃபைலை எறிந்ததையே திரும்பச் சொன்னாலும் சரி, ஆனால் இங்கே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். மேஜைக் காலைப் பார்த்தார். சொல்ல இருந்ததையெல்லாம் அந்த ஐந்தரை மணி ஆள் சொல்லிவிட்டானே, நமக்கென்று எதை மிச்சம் வைத்தான் என்று உள்ளே துழாவினார். அடியில் ஒன்று கிடந்தது. அது அந்தத் திட்டு எல்லாவற்றுக்கும் அடியில் முதல் நாளிலிருந்தே கிடந்ததுதான்.

"நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயமா இருக்கு" என்றார்.

குரல் தேவைக்குமேல் உரக்க வந்துவிட்டது. அவள் மடியில் கிடந்த துணியை ஒதுக்கி வைத்தாள்.

"இதை நீங்க என் முதுகுகிட்டகூடச் சொல்லலையேங்க" என்றாள்.